வாளிக்கடியில் மூக்குக்கண்ணாடி

அகராதி அலுவலகத்தில் அவளுக்குக் கழுகு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. பதினெட்டு வருடமாகச் சரிபார்ப்பு மேசையில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு ஒரு தப்பு வெளியே போனதாகச் சரித்திரம் இல்லை என்று வாசல் காவலாளி வரைக்கும் சொல்வார்கள். அவளும் மறுத்ததில்லை. புகழ்ந்தால் கூச்சப்படுகிற ஜாதி இல்லை அவள்.

அந்த வேலை என்னவென்று முதலில் சொல்லிவிட வேண்டும். ஆங்கிலச் சொற்களின் பிறப்பு வளர்ப்பையெல்லாம் தமிழில் சொல்கிற அகராதி அது. ஒவ்வொரு சொல்லும் முதன்முதலாக எந்த வருடம், எந்தப் புத்தகத்தில், எந்தப் பக்கத்தில் தலைகாட்டியது என்பதற்கு ஒரு தட்டச்சுச் சீட்டு இருக்கும். அந்தச் சீட்டு அகராதிக்குள் நுழைய இரண்டு கையெழுத்து வேண்டும். இரண்டு பேரும் தனித்தனியாக அந்தப் புத்தகத்தைத் திறந்து, அந்த வரியைத் தம் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். யாரோ சொன்னார்கள் என்பதற்கு அங்கே மரியாதை கிடையாது.

ஆட்கள் அசந்துபோய்விடக் கூடாதே என்று ஆசிரியர் ஒரு விளையாட்டு வைத்திருந்தார். அவ்வப்போது தானே ஒரு பொய்ச் சீட்டைத் தட்டச்சு செய்து, மற்ற சீட்டுகளுக்கு நடுவே சொருகிவிடுவார். இல்லாத வரி, இல்லாத பக்கம். புத்தகத்தைத் திறந்து பார்த்தவர்கள் பிடித்துவிடுவார்கள். பார்க்காமல் கையெழுத்துப் போட்டவர்கள் அன்றைக்கு அலுவலகம் முழுவதற்கும் டீ வாங்கித் தர வேண்டும். ஒரு வாரத்துக்குக் கேலி. அவ்வளவுதான் தண்டனை. அச்சுக்குப் போவதற்கு முன்னால் ஆசிரியரே அந்தச் சீட்டை உருவிக் கிழித்துப் போட்டுவிடுவார்.

அவருடைய பொய்களுக்கு ஓர் அடையாளமும் உண்டு. ஒவ்வொன்றிலும் தன் வீட்டுச் சாமான் ஒன்றை ஒளித்து வைப்பார். அவர் மனைவியின் கைப்பிடி உடைந்த குடை ஒருமுறை ஏதோ ஒரு பிரபுவின் கையில் இருந்தது. அடுத்த வீட்டு ஒற்றைக்கண் பூனை ஒரு மடாலயத்தில் பால் குடித்தது. பிடிபட்டதும் அவரே அந்தக் கதையைச் சொல்லிக் கண்ணில் நீர் வரச் சிரிப்பார். கழுகு இதுவரை பதினொன்று பிடித்திருக்கிறாள். பதினெட்டு வருடமாக மற்றவர்கள் வாங்கிய டீயைத்தான் குடித்திருக்கிறாளே தவிர, ஒரு தடவைகூட வாங்கித் தந்ததில்லை.

இன்றைக்கு மூன்று மணிக்கு நிர்வாகக் குழு கூடுகிறது. ஆசிரியர் ஓய்வு பெறுகிறார். அடுத்த ஆசிரியர் யார் என்று அவர் வாயால் சொல்லப் போகிறார். அது கழுகுதான் என்பது எல்லோருக்கும் தெரியும். அவளும் நல்ல புடவையாகப் பார்த்துத்தான் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

பத்தரை மணிக்குத் தபால் வந்தது. தொலைதூர நகரம் ஒன்றின் நூலகர் எழுதிய அரைப் பக்கக் கடிதம். ரொம்ப மரியாதையான கடிதம். போன மாதம் தங்கள் செய்திமடலில் 'லூடிக்ரஸ்' (ludicrous) என்ற சொல்லுக்கு எல்லா அகராதிகளுக்கும் முந்திய மேற்கோளைக் கண்டுபிடித்ததாகப் படித்து மகிழ்ந்தேன். அந்த நூலின் பிரதி எங்களிடமும் இருக்கிறது. தாங்கள் 241ஆம் பக்கம் என்று குறித்திருக்கிறீர்கள். எங்கள் பிரதி 212ஆம் பக்கத்தோடு முடிந்துவிடுகிறது. தயவுசெய்து விளக்க வேண்டும்.

அவள் அதை மூன்று தடவை படித்தாள். பிறகு எழுந்துபோய் 'லூ' பெட்டியிலிருந்து சீட்டை எடுத்தாள். மூன்று வருடத்துக்கு முந்திய சீட்டு. கீழே அவள் கையெழுத்து, அதற்குக் கீழே அதே அலுவலகத்தில் வேலை பார்க்கும் அவள் நாத்தனாரின் கையெழுத்து. எதிர் மேசையில் உட்கார்ந்திருந்த நாத்தனாரைக் கண்ணால் கூப்பிட்டாள். இரண்டு பேரும் கீழ்த்தளத்துக்கு இறங்கினார்கள்.

மூன்றாவது அலமாரி, கீழ்த்தட்டு. புத்தகம் அங்கேதான் இருந்தது. மேலே படிந்திருந்த தூசியில் ஒரு விரல் தடம்கூட இல்லை. கழுகு அதைக் கையில் எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். 212.

"நீ இத எடுத்துப் பாத்தியா?" என்றாள்.

நாத்தனாருக்கு முகம் வெளுத்துவிட்டது. "இல்ல அண்ணி. உங்க கையெழுத்து இருந்துச்சு. நீங்க பாத்ததுக்கு அப்புறம் நான் பாக்கறதுக்கு என்ன இருக்குன்னு..."

"இருக்கு. அதுக்குத்தான் ரெண்டு கையெழுத்து."

"அப்போ நீங்க?"

கழுகு புத்தகத்தை மூடினாள். அன்றைக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல், வீட்டில் சண்டை என்று ஒரு காரணம் இருந்திருந்தால் எவ்வளவோ தேவலை. ஒன்றுமே இல்லை. அவளுக்கு அந்த வரி பிடித்துப் போயிற்று, அவ்வளவுதான். பிடித்துப் போனதைச் சந்தேகிக்க மனசு வரவில்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று கையெழுத்தைப் போட்டாள். அந்த நாளை வருவதற்கு மூன்று வருடம் ஆயிற்று.

"கடிதத்தக் கிழிச்சுப் போட்டுருங்க அண்ணி," என்றாள் நாத்தனார் தணிந்த குரலில். "நூலகர் எங்கேயோ இருக்காரு. யார் வந்து கேக்கப் போறாங்க?"

"மத்தியானம் அந்தத் தாள் அச்சுக்குப் போகுது. அச்சாயிட்டா அப்புறம் கேக்கறதுக்கு ஊருக்கு ஒரு ஆள் இருப்பான்."

சத்தமில்லாமல் அந்த வரியை எடுத்துவிடவும் வழியில்லை. கடைசி அச்சுப்படியில் கையெழுத்து ஆன பிறகு ஒரு காற்புள்ளியை அசைக்க வேண்டும் என்றாலும், காரணம் எழுதி ஆசிரியரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அந்த விதியைக் கொண்டுவரச் சொல்லி ஒற்றைக்காலில் நின்றவளே கழுகுதான். தன் வாலைத் தானே மிதித்துக்கொண்டாள்.

சீட்டை வெளிச்சத்தில் பிடித்து மறுபடியும் படித்தாள். 'பிள்ளைகள் விளையாட்டு மனம் கொண்டு, பேராயரின் மூக்குக்கண்ணாடியை வாளிக்கடியில் ஒளித்துவைத்தனர்.' விளையாட்டு மனம் என்ற இடத்தில்தான் அந்த ஆங்கிலச் சொல் இருந்தது.

வாளி. மூக்குக்கண்ணாடி.

அவள் பொத்தென்று அலமாரியில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். நாத்தனார் பயந்துவிட்டாள்.

"அடியே, இது சாரோட சீட்டு! அவரும் அவங்க அண்ணனும் சின்ன வயசுல அப்பாவோட மூக்குக்கண்ணாடிய எடுத்து, கிணத்தடியில வாளியக் கவுத்து அதுக்குள்ள ஒளிச்சு வெச்சாங்களாம். அந்த அப்பா ஒரு நாள் முழுக்கப் பேப்பர் படிக்க முடியாமத் தடவிட்டு இருந்தாராம். சார் எத்தனை வாட்டி சொல்லியிருக்காரு! பொய்ச் சீட்டுடி. உருவ மறந்துட்டாரு, அவ்வளவுதான்."

போன உயிர் திரும்பி வந்தது. இனி என்ன? ஆசிரியரிடம் போய்ச் சொன்னால் போதும். 'கழுகும் ஏமாந்துச்சா!' என்று அவர் தொடையைத் தட்டிச் சிரிப்பார். வரியை அடிப்பார். பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாக அவள் டீ வாங்கித் தருவாள். ஆசிரியராகப் போகிறவள் ஒருநாள் தோற்றால் குடியா முழுகிவிடும்?

மேலே வந்து அவர் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினாள். அவர் மகள் எடுத்தாள்.

"அப்பா சட்டை மாத்திட்டு இருக்காங்க அக்கா. ஏதாவது அவசரமா?"

"ஒரு சீட்டு விஷயமா அவர்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும். மூணு வருஷத்துக்கு முந்தி போட்டது."

மறுமுனையில் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு மகள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அக்கா, உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன. அப்பாவுக்கு ரெண்டு மூணு வருஷமாவே ஞாபகம் சரியில்ல. காலையில குளிச்சேனான்னு மூணு தடவ கேட்டாங்க. டாக்டர் பார்த்துட்டாரு. அதனாலதான் ஓய்வு. வேலையில தப்பு பண்ணிடுவோமோன்னு அவங்களுக்கே பயம். இன்னிக்கு நல்லபடியா முடிஞ்சா போதும். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க அக்கா. அவங்களுக்கு மானம்தான் பெருசு."

கழுகு சரி என்று சொல்லித் தொலைபேசியை வைத்தாள்.

பன்னிரண்டு மணிக்கு அச்சகத்து மேஸ்திரி படியேறி வந்தார். "அம்மா, லூ தாளு குடுத்தீங்கன்னா ஏத்திடுவேன். மெஷினு பசியோட நிக்குது."

"மூணரை வரைக்கும் பொறுங்க."

"கழுகே பொறுக்கச் சொல்லுதுன்னா அப்போ ஏதோ இரை இருக்கு," என்று சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார். கீழே வேறு தாளை ஏற்றினார்கள் போலிருக்கிறது. தரை அதிர ஆரம்பித்தது. அந்த அதிர்வு நாற்காலி வழியாக ஏறி அவள் பல்லில் வந்து நின்றது. சாப்பாட்டுப் பாத்திரத்தை அவள் திறக்கவே இல்லை.

மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஆசிரியர் வந்தார். வெள்ளைச் சட்டையில் ஒரு பொத்தான் இடம் மாறியிருந்தது. மற்றபடி அதே நிமிர்ந்த நடை, அதே குரல். கழுகு அவரை மாடிப்படி ஓரத்தில் நிறுத்திச் சீட்டை நீட்டினாள்.

"சார், இந்த வாளி ஞாபகம் இருக்கா?"

அவர் கண்ணாடியை உயர்த்திப் படித்தார். முகமெல்லாம் மலர்ந்தது. "என்னம்மா இப்படிக் கேக்கற? நம்ம அகராதியிலயே அழகான வரி இது. இதப் படிச்சுட்டுத்தான் இன்னிக்கு நான் நாக்காலிய விட்டு எறங்கப் போறேன்."

"இல்ல சார். வாளி. மூக்குக்கண்ணாடி." அவள் அழுத்திச் சொன்னாள். "யாரோ ரெண்டு பசங்க. கிணத்தடி."

"கிணறு வரலையே இதுல?" என்று அவர் மறுபடி சீட்டைப் பார்த்தார். அவர் கண்ணில் ஒரு சின்னப் பயம் வந்து போனது. ஏதோ தனக்குத் தெரிந்திருக்க வேண்டியது தெரியவில்லை என்கிற பயம். உடனே சிரித்து மூடிவிட்டார். "வா வா, எல்லாரும் உக்காந்துட்டாங்க."

கூட்ட அறையில் நிர்வாகக் குழு நான்கு பேர், ஒரு பத்திரிகை நிருபர், அலுவலகத்து ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர். நாத்தனார் கடைசி வரிசையில் கைக்குட்டையைப் பிழிந்துகொண்டிருந்தாள். கழுகுக்கு முதல் வரிசையில் இடம் போட்டிருந்தார்கள்.

ஆசிரியர் நன்றாகவே பேசினார். எழுதி வைத்துக்கொண்டு பேசினார்.

"இந்தச் சொல்லு பிறந்தப்போ இதுக்குக் கெட்ட பேரே கிடையாது. லத்தீன்ல லூடுஸ்னா விளையாட்டு. அதுலேருந்து வந்த சொல்லு. ஆங்கிலத்துல மொதல்ல விளையாட்டு சம்பந்தப்பட்டதுன்னுதான் அர்த்தம். அப்புறம் வேடிக்கைக்காகச் செஞ்சதுன்னு ஆச்சு. அப்புறம் சிரிப்பு மூட்டறது. கடைசியில, பாத்து நகைக்கிற மாதிரி அபத்தமானது. இன்னிக்கு ஒருத்தர அந்தச் சொல்லால சொன்னா சண்டைக்கு வருவாங்க." கூட்டம் சிரித்தது. "பாருங்க, விளையாடினவன் என்னவோ விளையாடிட்டேதான் இருந்தான். சுத்தி நின்னவங்க சிரிப்புதான் மாறிப்போச்சு."

நிருபர் மளமளவென்று எழுதிக்கொண்டாள்.

"பெரிய பெரிய அகராதியெல்லாம் இந்தச் சொல்லுக்குக் குடுக்கிற தேதிக்கு முப்பது வருஷம் முந்தி ஒரு வரிய நாம பிடிச்சிருக்கோம். அதப் பாத்துச் சொன்னது யாருன்னா, எனக்கு அப்புறம் இந்த நாக்காலியில உக்காரப் போறவங்க." அவர் சீட்டைத் தூக்கிக் காட்டிவிட்டு அவள் பக்கம் திரும்பினார். வாஞ்சையான முகம். "கழுகு, உன் கண்ணால பாத்தேல்லம்மா?"

ஆமாம் என்று ஒரு தலையசைப்பு போதும். கைதட்டிவிடுவார்கள். அவள் எழுந்து நின்றாள்.

"பாக்கல சார்."

அவர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். "என்ன பாக்கல?"

"புத்தகத்த. திறந்தே பாக்கல. கையெழுத்து போட்டுட்டேன். அந்தப் புத்தகத்துல அப்படி ஒரு பக்கமே இல்ல. காலையிலதான் பாத்தேன். இந்தாங்க கடிதம்."

குழுத் தலைவர் கடிதத்தை வாங்கிப் படித்தார். அடுத்தவருக்குக் கொடுத்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ இந்த வரி எங்கேருந்து வந்துச்சு? வானத்துலேருந்தா? யார் எழுதினது?"

இதோ, வாய் வரைக்கும் வந்துவிட்டது. சார், உங்க பொய்ச் சீட்டுதான் சார், உங்க வீட்டு வாளிதான். சொன்னால் அவள் தப்பு வெறும் டீக் கணக்கு. ஆனால் சொன்ன மறு நொடி எல்லாத் தலையும் அவர் பக்கம் திரும்பும். நீங்களா போட்டீங்க என்று கேட்பார்கள். அவருக்குத் தெரியாது. தெரியவில்லை என்பதை நான்கு பேரும் ஒரு நிருபரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இன்னும் எத்தனை சீட்டு இப்படி மறந்திருக்கிறார் என்று நாற்பது வருட வேலையைத் தோண்டுவார்கள்.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். கடைசி முறையாக, சார், ஞாபகப்படுத்திக்கோங்க என்று மனசுக்குள் கெஞ்சினாள். பொய்ச் சீட்டாக இருந்தால் ஆசிரியரே இதற்குள் சொல்லிச் சிரித்திருப்பார் என்று அலுவலகத்து ஆட்களும் சும்மா இருந்தார்கள். அவரும் மற்ற எல்லோரையும் போல அவள் பதிலுக்குக் காத்திருந்தார்.

"தெரியாது," என்றாள்.

"நீங்களே எழுதினீங்களா?"

"இல்ல. ஆனா இல்லன்னு காட்ட எங்கிட்ட ஒண்ணும் இல்ல."

பின்வரிசையில் நாற்காலி கிறீச்சிட்டது. நாத்தனார் எழுந்துவிட்டாள். "அண்ணி, ஏன் மறைக்கறீங்க? நான் சொல்றேன், அது வந்து..."

"உக்காரு," என்றாள் கழுகு திரும்பாமலே. வீட்டிலும் அலுவலகத்திலும் அந்தக் குரலில் அவள் பேசியதே இல்லை. நாத்தனார் உட்கார்ந்துவிட்டாள். "அவ மேல தப்பு இல்ல சார். அண்ணி பாத்திருப்பாங்கன்னு நம்பிப் போட்ட கையெழுத்து. எழுதறதா இருந்தா எம் பேர மட்டும் எழுதுங்க."

யாரோ மெல்ல, "கழுகாம் கழுகு," என்றார்கள். இரண்டு பேர் சிரித்தார்கள். அந்தச் சொல் நானூறு வருடமாக இறங்கிவந்த படிகளையெல்லாம் அவள் அரை நிமிடத்தில் இறங்கிவிட்டாள். காது கொதித்தது. அழக் கூடாது என்று கீழுதட்டைக் கடித்துக்கொண்டாள்.

ஆசிரியர் பேனாவை எடுத்தார். கடைசி அச்சுப்படியில் அந்த வரியை அவரே அடித்தார். கோடு வளைந்து போனது. ஓரத்தில் கையெழுத்துப் போட்டு மேஸ்திரியிடம் அனுப்பச் சொன்னார். பிறகு, கோபமே இல்லாத குரலில், "இனி உன் கையெழுத்து இந்தக் கட்டடத்துல வேண்டாம்மா," என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

அடுத்த ஆசிரியர் யார் என்பது ஒத்திவைக்கப்பட்டது. குழுவினர் எழுந்து கும்பலாக நின்று பேசிக்கொண்டார்கள். கழுகு யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் வாசலுக்குப் போனாள். எதிர்க்கடையில் அலுவலகம் முழுவதற்கும், அச்சகத்து ஆட்களுக்கும் சேர்த்து டீ சொன்னாள். கடைக்காரர் பெரிய தட்டில் கொண்டுவந்து வைத்தார். அவளே ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தாள். சிலர் அவள் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார்கள்.

கனத்துப்போன பேச்சை மாற்றுவதற்காக நிருபர் ஆசிரியரிடம், "சின்ன வயசுல நீங்க குறும்பா சார்?" என்று கேட்டாள்.

"குறும்பா!" அவர் முகம் பளிச்சென்று ஆனது. "எங்கப்பாவோட மூக்குக்கண்ணாடிய நானும் எங்கண்ணனும் என்ன பண்ணினோம் தெரியுமா? கிணத்தடியில வாளியக் கவுத்து, அதுக்கு அடியில ஒளிச்சு வெச்சுட்டோம். மனுஷன் ஒரு நாள் முழுக்கத் தடவறாரு..."

கதை கேட்டவர்கள் சிரித்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. சீட்டு மேசைமேல், அவர் முழங்கைக்குப் பக்கத்திலேயே கிடந்தது. நாத்தனாரின் கையில் இருந்த டம்ளர் பாதி வழியில் நின்றது. அவள் அண்ணியைப் பார்த்தாள். கழுகு இல்லை என்று தலையை ஆட்டினாள். பிறகு தட்டை ஏந்திக்கொண்டு ஆசிரியரிடம் போனாள்.

அவர் டீயை எடுத்துக்கொண்டார். சிரித்த சிரிப்பில் கண்ணோரம் இன்னும் ஈரமாக இருந்தது. சற்று முன் நடந்தது நினைவுக்கு வந்ததோ என்னவோ, முகம் கொஞ்சம் இறுகியது.

"இந்த டீ யாரு வாங்கினது?"

"நான்தான் சார்."

"நீயா? எதுக்கு?"

"தோத்துட்டேன் சார்."

"எதுலம்மா?" என்று கேட்டுவிட்டு அவர் டம்ளரைக் கையில் பிடித்தபடியே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே மெஷின் ஓடத் தொடங்கியது. அவள் அவர் சட்டையில் இடம் மாறியிருந்த பொத்தானைச் சரியாகப் போட்டுவிட்டு, மீதி இருந்த டீயை மேஸ்திரிக்குக் கொடுக்கக் கீழே இறங்கிப் போனாள்.